இரவில் போட்ட தடம்

பனிமலை, ஸ்கீ என்றதும் நோர்வேயில் இருக்கிற எங்கள் ஆட்களின் நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் பார்த்த காட்சிதான். லிஃப்டில் ஏறி உச்சிக்குப் போய், செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து இறங்குவார்கள். அதற்கு ரிக்கெற் வேண்டும், தலைக்கவசம் வேண்டும், முழங்காலைப் பணயம் வைக்கும் துணிச்சலும் வேண்டும். நோர்வேக்காரர்கள் குளிர்காலச் சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் செய்வது வேறு. மெல்லிய, நீண்ட இரண்டு கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள்ளும் மலைமேட்டிலும் பத்து, இருபது கிலோமீற்றர் போய்விட்டு வருவார்கள். பாதி நடை, பாதி வழுக்கல். வாசலும் கிடையாது, ரிக்கெற்றும் கிடையாது. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஏற்றத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா "ஹை" சொல்லிவிட்டு உங்களைக் கடந்து போய்விடுவார்.

ஒஸ்லோவில் இருக்கிறவர்களுக்கு இதற்காக ஊரைவிட்டுப் போகத் தேவையே இல்லை என்பார்கள். முதலாம் இலக்க மெற்றோவில் ஏறினால் அது புரொக்னர்சேத்தர் வரை மலையேறும். கடைசித் தரிப்பில் இறங்கி அங்கேயே கட்டையை மாட்டலாம். 1883இல் தொடங்கிய ஸ்கீச் சங்கம் ஒன்று இன்றைக்கும் ஊரை ஒட்டிய நூர்மார்க்கா காடு முழுக்க ஸ்கீத் தடம் போடுகிறது. ஆனால் இப்போதெல்லாம் ஒஸ்லோவில் ஜனவரியிலும் மழை பெய்கிறது. வெள்ளிக்கிழமை பனி, சனிக்கிழமை மழை, ஞாயிற்றுக்கிழமை பாதையெல்லாம் ஐஸ் பாளம். இரண்டு நாள் நம்பிப் போகவேண்டுமென்றால் உயரத்துக்குப் போவதுதான் வழி. நாங்கள் போவது ஷூஷோயனுக்கு.

லில்லஹாமருக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து 800 மீற்றருக்கும் மேலே இருக்கிற மலைக்கிராமம் அது. கிராமம் என்று சொன்னாலும் ஒரு கடை, சில விடுதிகள், மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் மரவீடுகள்தான். ஒஸ்லோவிலிருந்து லில்லஹாமருக்கு ரெயினில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். வழியில் நெடுந்தூரம், நாட்டின் மிகப் பெரிய ஏரியான மியோசாவின் கரையோடேயே ரெயின் போகும். 1994 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் என்று லில்லஹாமரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து மலைக்கு பஸ் இருக்கிறது. நாங்கள் இந்த முறை காரில் போனோம், ஏனென்றால் கூட வந்தவர்கள் அதிகம், சமையல் சாமான் அதைவிட அதிகம்.

ஹுட்ட என்கிற இந்த மரவீடு நோர்வேயில் நான்கு லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது எவ்வளவு என்று பாருங்கள். எங்களுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை, வாடகைக்குத்தான். வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: படுக்கைவிரிப்பு நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும், வெளிக்கிடும்போது வீட்டை நீங்கள்தான் கழுவித் துடைத்துவிட்டு வரவேண்டும். இதை ஹோட்டல் மாதிரி நினைத்துப் போய், ஞாயிறு மத்தியானம் வாளியும் துடைப்பமுமாக நின்று புறுபுறுத்த சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளி இரவு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அடுப்பில் விறகைப் போடுவது. இரண்டாவது, அடுத்த நாள் வெப்பநிலை எத்தனை பாகை என்று பார்ப்பது. இதற்குக் காரணம் குளிர்ப் பயம் இல்லை. எந்த மெழுகு பூசுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

மெழுகு விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ஸ்கீயைத் தரையில் வைத்தால் முன்பகுதியும் பின்பகுதியும்தான் தரையில் படும். நடுப்பகுதி மேலே வளைந்து தூக்கி நிற்கும். முழுப் பாரத்தையும் ஒரே காலில் போட்டு அழுத்தினால்தான் நடுப்பகுதி பனியைத் தொடும். அங்கே பூசியிருக்கும் மெழுகுக்குள் பனிப் படிகங்களின் கூர்முனைகள் ஒரு கணம் ஏறிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் உதைத்துத்தான் முன்னே போகிறோம். பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றியதும் நடுப்பகுதி மேலெழும்பும், பிடி விட்டுவிடும், கட்டை வழுக்கும். பிடிப்பதும் வழுக்குவதும் ஒரே கட்டையில், ஒரே மூச்சுக்குள் நடக்கிறது.

இதில் பனியின் குணம் தெரிய வேண்டும். புதுப்பனியின் படிகம் கூரானது, கடும்குளிரில் இன்னும் கடினமானது. அதற்குக் கடின மெழுகு போதும். பனி பழையதாகி உருண்டு போயிருந்தால், அல்லது வெப்பநிலை ஏறினால், மெழுகு மிருதுவாக இருக்க வேண்டும். கரைந்து மறுபடி உறைந்த ஐஸ் பாதைக்குப் பசை போன்ற கிளிஸ்ரர் என்ற சாமான் இருக்கிறது. ஒருமுறை அது விரலில் பட்டால் கார்ச் சாவி, கைப்பேசி, கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் குடியேறிவிடும். ஸ்விக்ஸ் நிறுவனத்தின் வி40 என்கிற நீல மெழுகுதான் இங்கே வீட்டுக்கு வீடு இருப்பது. சுழியத்துக்குக் கீழே ஒன்றிலிருந்து ஏழு பாகை வரைக்கும் அது சரிவரும். உருளையான கட்டி. அடியில் தேய்த்துவிட்டு, தக்கையால் சூடு பறக்க உரசி மெல்லிய படலமாக்க வேண்டும். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசுவதைவிட மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை பூசுவதே நல்லது. வெப்பநிலை சரியாகச் சுழியத்தில் நின்றால் எந்த மெழுகும் உருப்படியாக வேலை செய்யாது. ஒன்றில் பிடிக்காது, அல்லது பனி அடியில் உருண்டு ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பாடே வேண்டாம் என்பது என் மனைவியின் கட்சி. அவரிடம் இருப்பது தோல் ஒட்டிய ஸ்கீ. நடுப்பகுதியில் மெழுகுக்குப் பதிலாக ஆட்டுமயிர்ப் பட்டை ஒன்று இருக்கும். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே போகாது. கொஞ்சக் காலமாகக் கடைகளில் பெரும்பாலும் இதுதான் விற்கிறது. "நீங்கள் வாசலில் நின்று தேய்த்துக்கொண்டிருங்கோ, நான் போய்ட்டு வாறன்" என்று அவர் கிளம்பிவிடுவார். நல்ல குளிரில், சரியான மெழுகில் என் கட்டை அவருடையதைவிட நன்றாக ஓடும் என்பது உண்மை. அப்படியான நாள் அடிக்கடி வாய்ப்பதில்லை என்பதும் உண்மை.

சரி, தடத்துக்கு வருகிறேன்.

காலையில் வெளியே வந்தால் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தடம் தொடங்குகிறது. ஒரு சிறு வீதி அளவு அகலம். இரு ஓரங்களிலும் உழவுச்சால் மாதிரி இரண்டிரண்டு நேர்கோட்டுப் பள்ளங்கள். நடுவில் சீப்பால் வாரிவிட்டது போன்ற தட்டையான பரப்பு, அது கட்டையை மாறி மாறிப் பக்கவாட்டில் உந்தும் ஸ்கேற்றிங் பாணியில் போகிறவர்களுக்கு. மற்றவர்கள் பள்ளத்துக்குள் கட்டையை வைத்துவிட்டால் போதும், திசையைப் பற்றிய கவலை கிடையாது. காலையில் முதல் ஆளாக அந்தப் பள்ளத்தில் கால் வைக்கிற சுகத்துக்காகவே நான் விடியமுன்னம் எழும்புவேன். மற்றபடி விடுமுறையில் நான் அப்படியான ஆள் இல்லை.

இந்தத் தடத்தை முந்தின இரவு ஒருவர் போட்டிருக்கிறார். பெல்ற் சக்கரத்தில் ஓடும் பெரிய இயந்திரம் அது. முன்னே தகடு மேட்டை வழித்துப் பள்ளத்தில் நிரப்பும். பின்னால் சுழலும் பற்கள் மேலோட்டை அரைத்து, பழைய பனியையும் புதுப் பனியையும் கலந்து பொடியாக்கும். அதன் பின்னால் இழுபடும் பாளம் பரப்பை வாரிவிட, அச்சுகள் இரண்டிரண்டு பள்ளங்களாக அழுத்திக்கொண்டு வரும். அரைத்த பனியை உடனே மிதிக்கக் கூடாது. நொறுங்கிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைய சில மணித்தியாலம் எடுக்கும். குளிர் கூடக் கூடப் பிணைப்பு இறுகும். அதனால்தான் அவர்கள் இரவில் வேலை செய்கிறார்கள். அதிகாலையில் பனி கொட்டிவிட்டால் இரவு முழுக்கச் செய்த வேலை போச்சு, மறுபடி கிளம்ப வேண்டியதுதான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குப்பை போட வெளியே வந்தபோது அந்த இயந்திரம் ஒன்று எங்களைக் கடந்து போனது. தலையில் வெளிச்சக் குவியல், உள்ளே ஒரே ஒரு ஆள், பக்கத்தில் தேர்மோஸ், காதில் ஏதோ பாட்டு. கையைக் காட்டினேன், அவரும் காட்டினார். பின்னால் சுழலும் பற்கள் இருப்பதால் அதற்கு அருகே போகவே கூடாது. செங்குத்தான இடங்களில் சில இயந்திரங்கள் கம்பிவடத்தில் தொங்கியும் வேலை செய்யும், இருட்டில் அந்த வடம் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

அவரது வேலை ஜனவரியில் தொடங்குவதல்ல. முதல் பனி விழுந்ததும் அதை மிதித்து அடக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இந்த மலையில் சதுப்பு நிலம் அதிகம். பனி ஒரு போர்வையாகத் தடித்துவிட்டால் அதன் கீழே சதுப்பு உறையாமல் ஈரமாகவே இருக்கும். மெல்லியதாக அடக்கிவிட்டால் குளிர் கீழே இறங்கி நிலம் இறுகும். கோடையிலேயே பற்றை வெட்டி, வாய்க்காலுக்குப் பாலம் போட்டு வைக்கிற வேலையும் உண்டு. எந்தத் தடம் எத்தனை மணித்தியாலத்துக்கு முன் போடப்பட்டது என்பதை இப்போது கைப்பேசி வரைபடத்தில் நிறத்தை வைத்தே பார்க்கலாம், இயந்திரத்தில் இருக்கும் ஜிபிஎஸ் சொல்லிவிடுகிறது. காலைக் கோப்பியோடு நோர்வேக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த வரைபடத்தைத்தான்.

இதற்கெல்லாம் யார் காசு கட்டுகிறார்கள்? ஹுட்டச் சொந்தக்காரர்கள் ஆண்டுதோறும் கட்டும் தொகை, உள்ளூராட்சியின் உதவி, கடைகளும் விடுதிகளும் தருவது என்று கலந்துதான் வருகிறது. வழியோரப் பலகையில், கைப்பேசியில் காசு அனுப்பும் விப்ஸ் செயலியின் இலக்கம் எழுதியிருக்கும், விரும்பினால் கைப்பேசியால் அனுப்பலாம், அனுப்பாவிட்டால் கேட்க ஆளில்லை. காடும் மலையும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அதில் கால்நடையாகவோ ஸ்கீயிலோ போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1957இல் அதைச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். "இது வெள்ளைக்காரன்ர விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது" என்று எங்கள் கூட்டங்களில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். வரி கட்டுகிறோம், குளிரையும் சகிக்கிறோம். இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

சனிக்கிழமை நாங்கள் போனது நூர்சேத்தர் பக்கம். ஷூஷோயனிலிருந்து அடுத்த மலைக்கிராமம் அது. தொடக்கத்தில் ஸ்ப்ரூஸ் காடு, மேலே போகப் போக மரம் குட்டையாகி, கோணல் பேர்ச் மரங்களாகி, பிறகு அதுவும் இல்லாமல் வெறும் வெள்ளை மேடு. வெட்டவெளியில் தடத்தின் ஓரமாகத் தடி நட்டு வைத்திருப்பார்கள். காற்றடித்துத் தடம் மூடிப்போனால் தடியைப் பார்த்துத்தான் போகவேண்டும்.

ஏற்றத்தில் கட்டையை வி வடிவில் விரித்து உள்விளிம்பை ஊன்றி ஏற வேண்டும். என் மகள் அப்படி ஏறுவதில்லை. ஓடுகிறாள். 2025இல் துரொண்ட்ஹைமில் நடந்த உலகப் போட்டியில் ஆறுக்கு ஆறு தங்கம் வாங்கிய நோர்வே ஸ்கீ வீரர் க்லேபோ ஏற்றத்தில் கட்டையோடு ஓடுவதைப் பார்த்ததிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் பாணி. "அப்பா, உங்கட கால் நிமிர்ந்து நிக்குது, முழங்காலை மடியுங்கோ" என்று மேலே நின்று பாடம் வேறு. நர்சரியிலேயே கட்டையை மாட்டிவிட்ட பிள்ளையிடம் பேசிப் பயன் இல்லை.

இறக்கம்தான் வயதுவந்து பழகியவர்களைச் சோதிக்கும் இடம். ஸ்கீச் சப்பாத்து முன்னால் மட்டும்தான் பூட்டியிருக்கும், குதிக்கால் சும்மா நிற்கும். கட்டையின் ஓரத்தில் இரும்பு விளிம்பும் பெரும்பாலும் இருக்காது. பிரேக் என்று இருப்பது ஒன்றே ஒன்று: முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டுவது. வேகம் பிடித்தபிறகு அகட்டினால் காலம் கடந்துவிடும். பள்ளத்தை விட்டு முன்கூட்டியே வெளியே வந்து அகட்டிக்கொண்டே இறங்க வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பின்னுக்குச் சாய்ந்து பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுவது உத்தமம். விழுந்த இடத்தில் பனியில் ஒரு குழி உண்டாகும். அதை மூடி மிதித்துவிட்டுப் போவது மரியாதை, பின்னால் வருகிறவர் அதில் சிக்கிக்கொள்வார்.

மரியாதை என்று இன்னும் சில உண்டு. வலப்பக்கமாகப் போக வேண்டும். மேலேயிருந்து இறங்கி வருபவருக்கு வழிவிட வேண்டும். தடத்தில் வெறும் சப்பாத்தோடு நடப்பது பெருங்குற்றம். அப்புறம், எதிரே வருகிற எல்லோருக்கும் "ஹை" சொல்ல வேண்டும். ஒஸ்லோ பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டே வருகிற அதே மனிதர்கள்தான், 800 மீற்றருக்கு மேலே போனதும் முகம் மலர்ந்து வணக்கம் சொல்கிறார்கள். இதிலிருந்து தப்பியவர்கள் ஒரு கூட்டம்: இறுக்கமான உடுப்பில், மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி, இரண்டு தடிகளாலும் ஒருமிக்க உந்தித் தள்ளிக்கொண்டு போகும் நாற்பது வயது ஆண்கள். அவர்கள் பிர்கபைனர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்கள்.

அந்த ஓட்டத்தின் பாதை இந்த மலை வழியாகத்தான் போகிறது. ரேனா என்ற ஊரிலிருந்து லில்லஹாமருக்கு 54 கிலோமீற்றர். 1932இல் தொடங்கியது. ஓடுகிறவர்கள் ஒவ்வொருவரும் முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ சுமக்க வேண்டும். அந்தச் சுமை ஒரு குழந்தைக்காக. 1206இல் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஹோக்கன் என்ற இளவரசுக் குழந்தையை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, சண்டையில் ஒரு தரப்பான பிர்கபைனர் படையின் வீரர் இருவர் குளிர்காலத்தில் இந்த மலைமேல் ஸ்கீயில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குழந்தை 1217இல் அரசனாகி 1263 வரை ஆண்டது. 1869இல் பெர்க்ஸ்லியன் வரைந்த ஓவியத்தில் தாடிக்கார வீரர்கள் இருவரும் குழந்தையும் கம்பீரமாக வருகிறார்கள். குழந்தையின் தாய் இங்காவும் அந்தப் பயணத்தில் கூடப் போயிருந்தார். ஓவியத்தில் அவர் இல்லை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு வந்திருப்பா" என்றார்.

எங்கள் சாப்பாட்டுச் சாமான் ரொட்டியும் கட்டைச் சம்பலும். ஈயத்தாளில் சுற்றி மேற்சட்டைக்குள்ளே வைத்தால் உறையாது. மேட்டில் காற்றுக்கு ஒதுக்குப்புறமாகப் பனியைக் குடைந்து இருக்கை செய்து, கீழே மெத்தைத் துண்டு போட்டு உட்கார்ந்தோம். தேர்மோஸில் இஞ்சித் தேத்தண்ணி. சுற்றிவர எல்லோரிடமும் தோடம்பழமும் க்விக் லுன்ஷ் சொக்லேற்றும். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் சம்பல் வாசத்துக்குத் திரும்பிப் பார்த்தது. கொடுத்தோம். அந்த ஆள் கண்ணில் நீர் வர வர "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கைநிறையப் பனியை அள்ளி வாயில் போட்டார்.

எங்களோடு வந்த அண்ணை ஒருவர் தடப்பக்கமே வரவில்லை. எண்பதுகளில் நாட்டுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் பலரைப் போல முதலில் ஒரு நாட்டுப்புற உயர்பள்ளி, பிறகு வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை. பள்ளியில் கட்டாயமாக ஸ்கீயில் ஏற்றியிருக்கிறார்கள். "ஊரிலயிருந்து வந்து ரெண்டு மாசம். சப்பாத்துக் கட்டவே விரல் வளையேல்ல. ஒருத்தன் கட்டையை மாட்டிப்போட்டு, போ எண்டான். அண்டைக்கு விழுந்த விழுகைக்கு இண்டைக்கும் இடுப்பு நோகுது." அவருக்குப் பனி என்றால் விடியப்புறம் இருட்டில் வேலைக்குப் போன வழி, மீன்பெட்டி, உறைந்த கையுறை. அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வருகிறது. அவரை நான் வற்புறுத்துவதில்லை. நாங்கள் திரும்பி வரும்போது ஆட்டிறைச்சிக் கறி தயாராக இருக்கும், அதற்கு நாங்கள் நன்றியாக இருக்கிறோம்.

ஞாயிறு காலை லுங்கெஃபியெல் என்ற மேட்டுக்குப் போவதாகத் திட்டம். ஆயிரம் மீற்றரைச் சற்றுத் தாண்டும் உயரம், பிள்ளைகளும் போகக்கூடிய இடம். மரங்கள் முடிகிற இடம் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. வெளியே வந்ததும் காற்று. தரைப்பனி எழும்பி முழங்கால் உயரத்துக்கு ஓடத் தொடங்கியது, பள்ளங்கள் கண்ணெதிரே நிரம்பின. அடுத்த தடி தெரிந்தது, அதற்கு அடுத்தது தெரியவில்லை. மகள் நின்று, "எட்டாவது விதி" என்றாள். திரும்பிவிட்டோம்.

இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் அது. 1967 ஈஸ்ரர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகளை நாடு முழுக்கப் பரப்பினார்கள், க்விக் லுன்ஷ் உறையின் உட்பக்கத்திலும் அச்சடித்தார்கள். நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பதுதான் எட்டாவது. சொக்லேற் தாளில் அச்சடித்தது நல்ல யோசனை. களைத்துப்போய், இன்னும் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த இடத்தில்தான் மனிதர்கள் அதைப் பிரிப்பார்கள். கீழே காட்டுக்குள் காற்றே இல்லை. வெளிச்சக்கம்பம் போட்ட சிறிய சுற்று ஒன்றில் மத்தியானம் வரை ஓடினோம், அதுவே போதுமாக இருந்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். முதல் முறைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். புவா என்ற அமைப்பு நாடு முழுக்க ஸ்கீ, சப்பாத்து, தடி எல்லாம் இலவசமாக இரவல் கொடுக்கிறது. மலையில் வாடகைக் கடையும் உண்டு. காசு செலவழிப்பதானால் கம்பளி உள்ளுடுப்புக்குச் செலவழியுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு, நீங்கள் நிற்கும் இடத்தில் உங்களை உறைய வைக்கும். ஊதிப் பெருத்த தடித்த ஜாக்கெற் வேண்டாம், பத்து நிமிடத்தில் கழற்றிக் கையில் தூக்குவீர்கள். ஏற்றமில்லாத ஏரித்தடத்தில் தொடங்குங்கள். பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் நல்ல காலம்: பகல் நீளம், பனியும் இருக்கும். ஈஸ்ரர் வாரத்தில் வாடகை ஏறிவிடும், கோப்பிக்கே வரிசை. ஞாயிறு பின்னேரம் ஈ6 நெடுஞ்சாலையில் ஒஸ்லோவரைக்கும் கூரையில் பெட்டி கட்டிய கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒன்றில் பன்னிரண்டு மணிக்கு முன்னம் வெளிக்கிடுங்கள், இல்லாவிட்டால் கறியைச் சூடாக்கி இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு ஏழு மணிக்குப் பிறகு.